சர்வேயும் முப்பத்தோராம் பக்கமும்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் எந்த மனிதர் எந்த நேரத்தில் எந்தப் பத்திரிகையின் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்று தெரிந்த ஒரே ஜீவன் சர்வேதான். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. மூன்றாம் ஆண்டில் எங்கள் பேராசிரியரே, "சர்வே வந்தாச்சா?" என்றுதான் கேட்டார்.

கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் நாங்கள் இதழியல் படித்தோம். வகுப்பில் மொத்தம் பதினொரு பேர். வேறு எந்தப் பாடமும் கிடைக்காமல் வந்தவர்கள் ஆறு பேர். டிவியில் முகம் காட்ட ஆசைப்பட்டவர்கள் மூன்று பேர். எழுத்துப் பைத்தியம் நான் ஒருத்தி. பதினோராவது ஆள் சர்வே. சங்ககிரியில் அவள் அப்பா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். லோடுக்காகக் காத்துக் கிடக்கும் டிரைவர்கள் ஒரே வார இதழை அட்டை கிழியும்வரை படிப்பதைப் பார்த்து வளர்ந்தவள்.

"ஒரு பொஸ்தகத்தை எத்தனை பேரு படிக்கறாங்கன்னு எனக்குத் தெரியோணுமுங்க. அதுக்குத்தான் வந்தேனுங்க" என்று முதல் நாள் அறிமுகத்திலேயே சொல்லிவிட்டாள். பேராசிரியருக்குத்தான் 'ங்க' போடுகிறாள் என்று நினைத்தோம். பக்கத்து பெஞ்சுக்கும் 'ங்க'தான். விடுதிப் பூனையைக்கூட "தள்ளிப் போங்க" என்றுதான் விரட்டுவாள்.

நாங்களெல்லாம் ஊடகக் கோட்பாடுகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். சர்வே ஒவ்வொன்றையும் ஊர் மேல் ஏவிப் பார்த்தாள். எந்தச் செய்தி வாசகரிடம் போகலாம், எது போகக் கூடாது என்று வழியில் நின்று தீர்மானிக்கிறவர்களுக்கு 'வாயில்காப்போர்' என்று பெயர் என ஒருநாள் பாடம் நடந்தது. விடுதிக்கு வரும் வார இதழ் எங்கள் கைக்கு வரும்போது எப்போதும் இளைத்துத்தான் வரும். சர்வே ஒரு வாரம் பின்தொடர்ந்து, அடுத்த வாரம் கருத்தரங்கில் வாசித்தாள். "சமையல் குறிப்பு வார்டன் அம்மாகிட்டங்க. ராசிபலன் சமையக்கார அக்காகிட்டங்க. குறுக்கெழுத்து வாட்ச்மேன்கிட்டங்க. மிச்சந்தான் நமக்குங்க." முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தவர் வார்டன். அன்று இரவு எங்கள் அறைக்கு மட்டும் சட்னி வரவில்லை.

இன்னொரு நாள், "விற்பனை வேறு, வாசிப்பு வேறு. ஒரு பிரதி நாலு கை மாறும்" என்றார் பேராசிரியர். "நாலுன்னு யாருங்க எண்ணுனது?" என்றாள் சர்வே. மறுநாள் காலை பரீட்சை அட்டையும் பேனாவுமாகக் கல்லூரிக்கு எதிரே இருந்த சலூனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

"அம்மிணி, இது ஆம்பளைங்க கடைங்க" என்று பதறினார் கடைக்காரர்.

"நான் முடி வெட்ட வரலைங்ண்ணா. ஆளுங்க படிக்கறதைப் பாக்க வந்தேனுங்க. நீங்க பாட்டுக்கு வெட்டுங்க."

நாற்காலியில் இருந்தவர் முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து ஓடினார். மூன்று மணி நேரம் இருந்தோம். முடிவை அவள் கடைக்காரரிடமே ஒப்பித்தாள். "பொஸ்தகத்தைக் கையில எடுத்தவங்க பதினாலு பேருங்க. அட்டைப்படத்தைப் பாத்ததோட வெச்சவங்க பத்து. நகைச்சுவை படிச்சவங்க மூணு. தலையங்கம் படிச்சவரு ஒருத்தருங்க. அவரும் கண்ணாடி கொண்டு வரலைங்க."

இப்படிப்பட்டவள்தான் கடைசிப் பருவத்துச் செய்முறைத் தேர்வுக்கு எனக்குக் கூட்டாளி. இருவர் சேர்ந்து ஒரு பத்திரிகையை எழுதி, வடிவமைத்து, அச்சடித்து, ஐந்து பிரதிகளைத் தேர்வாளர் முன் வைக்க வேண்டும். எனக்கு அது வாழ்வா சாவா விஷயம். சென்னையில் ஒரு வார இதழ் பயிற்சி உதவி ஆசிரியராக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. மதிப்பெண் சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஆத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அத்தாவோ, "பாஸாகிட்டா மெட்ராஸ் போ. இல்லேன்னா கடைக்கு வந்து ஜாக்கெட் பிட் கிழி" என்று சொல்லியிருந்தார். அத்தா சொன்னால் சொன்னதுதான்.

இருநூறு பிரதிகள். முப்பத்திரண்டு பக்கங்கள். அதில் என் சிறுகதை ஒன்று. ஊருக்குப் புதிதான ஒரு பெண் இருட்டும் நேரத்தில் தவறான பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். 'தொடர்ச்சி 31-ஆம் பக்கம்' என்று போட்டிருந்தேன். கடைசி நிமிடத்தில் சர்வேயின் மாமா, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர், ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அதைச் சர்வே முப்பத்தோராம் பக்கத்தில் வைத்துவிட்டாள். என் கதையின் முடிவு போன இடம் தெரியவில்லை. அச்சுக்குப் போன பிறகுதான் பார்த்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சங்ககிரியில்தான் அச்சடித்தோம். சனிக்கிழமை பிரதிகள் அவள் அப்பா ஆபீசுக்கு வந்தன. "நாம வாசகரைத் தேடிப் போகக் கூடாதுங்க. காத்துக்கிட்டு இருக்கறவருதான் வாசகருங்க" என்று சொல்லி, லோடு ஏற்ற வந்த டிரைவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். பின்னட்டையில் அவள் போன் நம்பர் இருந்தது. "அஞ்சு பிரதியைப் பத்திரமா வச்சிடு" என்று நான் போனில் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "சரிங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை வெறும் பையோடு வந்தாள்.

"அஞ்சு பிரதி எங்கேடி?"

"குடுத்துட்டேனுங்க."

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டாம். கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்த பிறகு, லாரி கிளம்பிப் போகும்வரை யாரும் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. எலுமிச்சை வைத்தாயிற்று. நாக்பூர் போகிற டிரைவர் எட்டிப் பார்த்து, "எனக்கொண்ணு குடு சாமி" என்றிருக்கிறார். அவருக்குப் பின்னால் எலுமிச்சையோடு இன்னும் நாலு லாரி வரிசையில் நின்றிருக்கிறது.

"நான் எப்படிங்க இல்லீன்னு சொல்றது? காட்டுலயும் மேட்டுலயும் போற வண்டிங்க" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது. கண்முன்னால் ஜாக்கெட் பிட் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சிரித்துப் பழக்கமில்லாதவர். பத்திரிகை எங்கே என்றார். கணினியில் பிடிஎஃப் இருப்பதாகச் சொன்னேன். "பிடிஎஃப்ல எனக்குக் கல்யாணப் பத்திரிகையே வருதும்மா. பாடம் அச்சு இதழ். அச்சு இதழைக் காட்டு" என்று பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சர்வேயின் போன் அடித்தது. வேறு யாராக இருந்தாலும் அணைத்திருப்பார்கள். "வாசகருங்க" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க சாமி, அந்தப் புள்ள ஊட்டுக்குப் போச்சுங்களா, இல்லீங்களா?"

அவர் கேட்டது என் கதையில் வரும் பெண்ணைப் பற்றி. பேசியவர் நாக்பூர் டிரைவர்.

"பதினாலாம் பக்கத்துல பஸ் மாறி ஏறிருச்சுங்க. முப்பத்தொண்ணைத் திருப்புனா ஒரு பத்துச் சக்கர லாரி நிக்குதுங்க. லாரில ஏறிப் போயிருச்சுங்களா?"

தேர்வாளர் போனை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "எத்தனை பேர் படிச்சீங்க?" என்றார்.

"நானு, மாத்து டிரைவரு, பக்கத்து வண்டி ராசிபுரத்துக்காரருங்க. குடோன் வாசல்ல நம்மூரு வண்டி அஞ்சாறு நிக்குதுங்க. அத்தனை பேரும் கேக்கறாங்க. பொட்டப்புள்ளையைப் பெத்தவன் நானு. நேத்துலருந்து சோறு எறங்கலீங்க. சொல்லுங்க சாமி."

தேர்வாளர் என்னைப் பார்த்தார். "அதானே. என்னம்மா ஆச்சு?" என்றார்.

நான் முடிவைச் சொன்னேன். கண்டக்டர் விசிலடித்து, எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, அவளை ஏற்றிவிட்டார். அவள் வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுதும்போது எனக்கே அது சப்பென்றுதான் இருந்தது. போனில் அந்த மனிதர், "அப்பாடி" என்றார். பிறகு யாரிடமோ திரும்பி, "ஊடு போய்ச் சேந்துட்டாளாமா!" என்று கத்தினார். அங்கே நாலைந்து பேர் ஆரவாரம் செய்தது கேட்டது. எனக்குக் கிடைத்த முதல் வாசகர்கள் அவர்கள்தான். நான் தேர்வு அறை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

பத்து நாளில் ஒரு பிரதியாவது மேசைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு தேர்வாளர் எங்களுக்குத் தேர்ச்சி போட்டார். எட்டாம் நாள் அது வந்தது. டீக்கறை, கிரீஸ் கறை, ஓரமெல்லாம் படித்தவர்களின் கையெழுத்து. முப்பத்தோராம் பக்கத்து லாரி ஜன்னலில் யாரோ ஒரு பெண்ணின் முகத்தைப் பேனாவால் வரைந்திருந்தார்கள். சர்வே கையெழுத்துகளை எண்ணினாள். பத்தொன்பது. "நாலுன்னு சொன்னீங்களேங்க" என்று பேராசிரியரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

நான் சென்னைக்கு வந்தேன். அவள் அப்பாவின் ஆபீசுக்குப் போனாள். இப்போது அங்கே வார இதழ்களுக்கென்று ஓர் அலமாரியே இருக்கிறது. என் பத்தி வெளியாகும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாயங்காலம் போன் வந்துவிடும்.

"இந்த வாரம் ஒம்பது பேருங்க. ரெண்டு பேரு சிரிச்சாங்க. ஒருத்தரு பாதியில தூங்கிட்டாருங்க. வண்டி ஓட்டுன களைப்பு, உங்க தப்பு இல்லீங்க."

பத்திரிகை எத்தனை பிரதி விற்கிறது என்று நான் ஆசிரியரிடம் கேட்டதே இல்லை. வியாழக்கிழமை அந்தப் போன் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சர்வே, இந்த வாரம் எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ண வேண்டாம். நீ சிரித்தாயா என்று மட்டும் சொல்.