கிளச்சுக்குள் போன கல்யாண ஷூ

தோல் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எது கிழிந்தாலும் தோலை வெட்டி வைத்துச் சரி செய்துவிடலாம் என்று நம்புவான். எழுபதுகளின் கடைசியில், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது. அது வெளிப்பட்ட நாள் என் கல்யாண நாள்.

பள்ளிகொண்டா கோயிலில் ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். தவறினால் ஆடி பிறந்துவிடும், அப்புறம் ஆவணிதான். எங்கள் வீட்டு ஜனங்களை ஏற்றிப்போக என் தோஸ்த் பஷீர் தன் லாரியைக் கொண்டுவந்தான். பதப்படுத்தாத பச்சைத்தோல் ஏற்றுகிற பழைய லாரி. கழுவு கழுவென்று கழுவி வாழைமரமும் கட்டியிருந்தான். (நாற்றம் போகவில்லை. எங்களுக்குப் பழக்கம், மாலையில் இருந்த மல்லிகைதான் பாவம்.) என் காலில் பளபளவென்று புது ஷூ. மாப்பிள்ளைக்கு மச்சான் போடுகிற ஷூ. பெண்ணின் தம்பி தனபால் முதல்நாளே வந்து தன் கையால் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

மாதனூரில் அக்காவுக்கு டீ வேண்டுமென்று நிறுத்தினோம். கிளம்பும்போது கியர் விழவில்லை. கரகரவென்று கத்தியது.

"இன்னாடா பஷீர்?"

"பேஜாரா பூட்ச்சு. பெடல மிதிச்சா அப்டியே உள்ள போவுது. கிளச் உடமாட்டேங்குது."

அந்த லாரியில் கிளச்சுக்கும் பிரேக் மாதிரி ஆயில்தான். பெடலை மிதித்தால் ஆயில் குழாய் வழியாகப் போய், கியர்பாக்ஸ் பக்கத்திலிருக்கும் சின்ன சிலிண்டரைத் தள்ள வேண்டும். அந்த ஆயில் டப்பாவில் குறைந்திருந்தது, ஊற்றினோம். பலனில்லை. காற்று புகுந்திருக்கும் என்றான் பஷீர். பட்டு வேட்டியோடு லாரிக்கு அடியில் படுத்தேன்.

"மிதி!"

"மிதிச்சிட்டேன்!"

காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்தேன். காற்று வந்ததா தெரியாது, ஆயில் என் சட்டைக்கு வந்தது. கடைசியில் சிலிண்டரைக் கழற்றினால், உள்ளே ரப்பர் வாஷர் கிழிந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. "ஏறிடலாம் வாடா, நேரம் ஆவுது," என்றாள் அக்கா.

"மாப்பிள டிக்கெட் வாங்கிக்கினு போய் எறங்கறதா? வந்தா லாரிலதான் வருவேன்!"

பஸ் போய்விட்டது. உட்கார இடம்கூட இருந்தது.

"அடிபம்புல இன்னா வாஷர் போடறான்? தோல்தானே? கிளச்சுக்கு மட்டும் ஆவாதா?" என்று பஷீரைக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்றும் இடுப்பில் வெட்டுக்கத்தி வைத்திருந்தேன். (தாலியை மறந்தாலும் மறப்பேன்.) ஆனால் தோல்? தோல் நாற்றம் அடிக்கிற லாரியில் ஒரு துண்டுத் தோல் இல்லை. குனிந்து என் காலைப் பார்த்தேன்.

வலது ஷூவைக் கழற்றி அதன் நாக்கை வெட்டினேன், மெல்லிசு. குதிகாலை வெட்டினேன், கச்சிதம். ஆயிலில் ஊறப்போட்டு, உள்ளே வைத்து, காற்றெடுத்து, பஷீர் மிதித்தான். கியர் விழுந்தது! லாரியே கைதட்டியது. வெட்டியதுபோக மிச்சமிருந்த வலது ஷூ காலில் நிற்கவில்லை. கழற்றி டூல்பாக்ஸில் போட்டேன்.

பள்ளிகொண்டாவில் கோயில் தெருவுக்குத் திரும்பி இரண்டாம் கியர் போட்டதுதான் கடைசி. பெடல் மறுபடி படுத்துக்கொண்டது. எதிரே பெண்வீட்டார் ஆரத்தித் தட்டோடும் மேளத்தோடும் நின்றார்கள்.

"நிப்பாட்னா மறுபடி எடுக்காது," என்றான் பஷீர்.

"நிப்பாட்டாத."

லாரி அவர்களைத் தாண்டி ஊர்ந்தது. "நில்லுங்க, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே பெண்கள் கூடவே ஓடினார்கள். ஓடியபடியே ஆரத்தி சுற்றினார்கள். பாதி எனக்கு, பாதி டயருக்கு. மேளக்காரர்களும் ஓடியதில் வாசித்த பாட்டு என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. கோயில் வாசலில் பஷீர் பிரேக்கை அழுத்த, இஞ்சின் துள்ளி அடங்கியது. என் சொந்தபந்தம் மொத்தமும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தது.

ஒற்றைக் கால் ஷூவோடு இறங்கினேன். தனபால் என் காலையே பார்த்தான்.

"மாமா, இன்னொரு ஷூ?"

பஷீர்தான் சொன்னான்: "கிளச்சுல கீதுப்பா."

தனபால் முகம் சுருங்கிவிட்டது. ஆசையாக வாங்கியவன். முகூர்த்தத்தைப் பிடித்துவிட்டேன் என்ற திமிர் அந்த இடத்திலேயே இறங்கியது. வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. மணமேடையில் பக்கத்தில் உட்கார்ந்த சரோஜா தலைகுனிந்து குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத் தனபாலும் சிரித்துவிட்டான். தாலி கட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த மாப்பிள்ளைக்கு ஷூ போட்டாலும், "மாமா கண்ல காட்டாதீங்க," என்பான் தனபால். போன வருஷம் என் மகள் கல்யாணம். மாப்பிள்ளையோடு போகும்போது வழியில் கார் நின்றுவிட்டது. என்ன கோளாறு என்று பார்க்கத்தான் இறங்கினேன், சத்தியமாக. திரும்பிப் பார்த்தால், சரோஜா மாப்பிள்ளையின் ஷூ இரண்டையும் கழற்றி வாங்கி, மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.