ஏறிக்கொண்டே போன முள்

இனிமேல் இந்த வீட்டில் ஒரு சொட்டுப் பெற்றோல்கூட வீணாகாது என்று சுதாகரன் அறிவித்தபோது ஜெயரூபி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை. மீன் மட்டும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

வட்டக்கச்சியில் அவர்கள் வீட்டுக் கொட்டிலில் நின்ற நீல நிற ஸ்கூட்டி உண்மையில் ஜெயரூபியுடையது. அக்கா வெயிலில் நடக்கக் கூடாதென்று பிரான்சில் இருக்கும் தம்பி வாங்கிக் கொடுத்தது. அவள் கிளிநொச்சிக்குப் போய் ஓடப் பழகினாள், லைசன்சும் எடுத்தாள். முதற்கிழமை முடிவில் சுதாகரன் எண்ணெய் முள்ளைப் பார்த்தான். அது களைத்துப்போய்ப் படுத்திருந்தது. அன்று வண்டிப் பூட்டில் கிடந்த திறப்பை எடுத்துச் சாரத்து மடியில் செருகியவன்தான். பிறகு அது மடியை விட்டு இறங்கவில்லை.

“பொம்பிளையள் பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டே முறுக்குவினம். அதுதான் எண்ணெய் தண்ணியா ஓடுது” என்றான்.

“நேற்று நீங்கள் சந்தியில கதைச்சுக்கொண்டு நிண்ட நேரம் முழுக்க வண்டி உறுமிக்கொண்டு நிண்டதாம். அது ஆற்ற பிறேக்?”

“ஆர் சொன்னது?”

“பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் அக்கா.”

“அவாவுக்கு வேற வேலையில்லை. இஞ்சை பார் ரூபி, நான் போனில எல்லாம் பாத்துப் படிச்சிட்டன். எண்ணெய் குடிக்கிறது வண்டியில்லை. ஓடுற ஆளின்ர பழக்கம். நான் இனி ஓடுற ஓட்டத்தில முள் அசையாது. ஒரு மாதம் பார். முள் இறங்கினால் திறப்பு உனக்கு.”

“இறங்காட்டி?”

“இறங்காட்டி, ஆயுளுக்கும் என்ர மடியில.”

“சரி” என்றாள் ஜெயரூபி.

அவள் சுலபமாகச் சரி சொன்ன எந்த அலுவலும் அவனுக்கு நல்லபடி முடிந்ததில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து அது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை சிக்கனம் ஆரம்பமானது. அரைத் தாங்கிக்கு எண்ணெய் அடித்தான். சில்லுகளுக்குக் கல்லுப்போலக் காற்றடித்தான். இருக்கைக்கு அடியில் கிடந்த மழைக்கோட்டு, சங்கிலி, எப்போதோ மறந்துபோன ஒரு கிலோ யூரியா எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டான். கன்றுக்குட்டியின் காதைத் தடவுவதுபோலக் கைப்பிடியை முறுக்கினான். பிறேக்கைத் தொட மனம் வராமல் நூறு மீற்றர் தூரத்திலேயே வேகத்தைத் தளர்த்தினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் முந்திக்கொண்டு போனார்கள். ஒரு மாடும் முந்தியது. அது அவசரமில்லாத மாடு.

வீட்டுக்குத் திரும்பும்போது அன்னபாக்கியத்தின் வேலியடியிலேயே எஞ்சினை நிறுத்திவிடுவான். வண்டி தன் பாட்டில் உருண்டு, மூச்சுக் காட்டாமல் வளவுக்குள் நுழையும். முற்றத்துக் கோழிகூட எழும்பாது. இந்த ஒரு வித்தையில் அவனுக்கு அளவு கடந்த பெருமை.

ஒருநாள் ஜெயரூபியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். வாய்க்கால் கட்டு ஏற்றத்தில் நிறுத்தினான்.

“இறங்கு.”

“ஏன்?”

“மேடு. பாரம் கூடினால் எண்ணெய் கூடப் போகும்.”

“அப்ப பாரம் கூடின ஆளெல்லோ இறங்கவேணும்?”

சுதாகரன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிவிட்டு நடந்தே ஏறினாள்.

நாலு அலுவலுக்கு நாலு தரம் போகக் கூடாது, எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கவேண்டும் என்றும் அவன் படித்திருந்தான். அதை மட்டும் ஜெயரூபி மனமார ஏற்றுக்கொண்டாள். “நல்ல யோசினை. அப்ப நெல்லை மில்லில குடுத்திட்டு, வரேக்கை மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு, அப்பிடியே அம்மாவை மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. திறப்பு உங்களிட்டத்தானே இருக்கு.” சிக்கனத்துக்கு வெளிக்கிட்ட மனிதன் காலையில் போனால் உச்சி வெயிலில்தான் வந்து விழுவான். சோற்றைத் தின்றுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பிணம்போல நித்திரை.

முதற்கிழமை முள் அசையவில்லை. அவன் மீசையைத் தடவிக்கொண்டான். அடுத்த கிழமை, முள் ஏறியிருந்தது.

கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். வண்டியை உலுக்கிப் பார்த்தான். உள்ளே களக் களக்கென்று எண்ணெயின் சத்தம். மழைத் தண்ணீர் போயிருக்குமோ என்று மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். அசல் பெற்றோல்.

“ரூபி, முள் ஏறியிருக்கு.”

“நல்லதுதானே. இறங்கினாலெல்லோ கவலைப்படவேணும்.”

“எண்ணெய் அடிக்காமல் எப்பிடி ஏறும்?”

“அதை நீங்களெல்லோ படிச்சனீங்கள். நான் பிறேக் பிடிக்கிற ஆள்.”

அவன் யோசித்தான். வெயிலுக்கு எண்ணெய் பொங்குமோ? எஞ்சினை நிறுத்தி உருட்டும்போது போன எண்ணெய் திரும்பி வருமோ? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. ஆனால் குழப்பமும் பெருமையும் ஒரே கதிரையில் இருக்க வந்தால், பெருமைதான் சாய்ந்து வசதியாக இருக்கும். சந்திக் கடையில் மெல்லக் கதையை அவிழ்த்தான். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து முள்ளைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. கமக்காரர் அமைப்பின் தலைவர் சுடலைமுத்து, பந்தய மாதம் முடிகிற ஞாயிறு பின்னேரம் மண்டபத்துக்கு வந்து எல்லாருக்கும் நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிறு மத்தியானம்தான் மின்சாரம் நின்றது.

விசிறி நிற்க, வியர்வையில் எழும்பி வெளியே வந்த சுதாகரன் கொட்டிலைப் பார்த்தான். ஸ்கூட்டி இல்லை. மடியைத் தடவினான். திறப்பு இருந்தது. “ரூபி” என்று கூப்பிட்டான். ரூபியும் இல்லை. இரண்டில் எது காணாமற்போனதை முதலில் பொலிசில் சொல்வது என்று தெரியாமல் படலையடிக்கு ஓடினான்.

வாய்க்கால் கரை வழியே ஒரு நீலப் புள்ளி வந்துகொண்டிருந்தது. நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. வளைவுக்கு வெகு முன்னமே தளர்ந்து, வளைந்து, மெல்ல மெல்ல வேகம் பிடித்தது. பக்கத்துப் பற்றையில் இருந்த கொக்குகள் தலை திருப்பவில்லை. இவ்வளவு அழகாக வண்டி ஓடுகிறவர் யார் என்று சுதாகரன் மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டு நின்றான். கிட்ட வந்தபோதுதான் ஹெல்மெட்டுக்குக் கீழே தன் மனைவியின் மூக்குத்தி தெரிந்தது. பின்னால் அன்னபாக்கியம், மடியில் சந்தைப் பையுடன்.

வேலியடியில் எஞ்சின் நின்றது. வண்டி மூச்சுக் காட்டாமல் உருண்டு உள்ளே வந்தது. சுதாகரன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தினான். தன் சொந்த வளவில் தான் ஏன் ஒளிக்கிறேன் என்று அவனுக்கே விளங்கவில்லை.

“ஒரு போத்தில் பெற்றோல் அடிச்சு விட்டிருக்கிறன் தங்கச்சி” என்றாள் அன்னபாக்கியம்.

“ஏனக்கா? நேற்றுத்தான் தர்மிளா அடிச்சவள். முந்தநாள் சுமித்திரா. இப்பிடியே போனால் வழிஞ்சு ஓடப்போகுது.”

“ஆற்றையும் வண்டியில ஏறிப்போட்டுச் சும்மா இறங்கிறதே? எங்கட ஊரில அப்பிடியொரு பழக்கமிருக்கோ?”

“இவருக்குச் சந்தேகம் வரும்.”

“அவருக்கோ? அவர் தன்ர ஓட்டம் எண்டெல்லோ சொல்லித் திரியிறார். பின்னேரம் பேச்சாம். நாங்களெல்லாரும் வாறம்.”

உழவு இயந்திரத்தை இரவல் வாங்கினால் டீசல் ஊற்றித்தான் திருப்பிக் கொடுப்பார்கள், அந்த ஊரில். சுதாகரனே எத்தனையோ தரம் ஊற்றியிருக்கிறான். தான் இல்லாமலும் அந்த ஸ்கூட்டி ஓடும் என்ற நினைப்பு முன்னமே வந்திருந்தால், மற்றதெல்லாம் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். கடைக்காரன் கொடுத்தது இரண்டு திறப்பு. ஒன்றை அவன் எடுத்தான். மற்றது எங்கே என்று இன்றுவரை அவன் கேட்டதுமில்லை.

எழும்பிக் கேட்கலாம்தான். கேட்டால் வண்டி மிஞ்சும். மண்டபத்து மரியாதை மிஞ்சாது. அவன் பின்கதவால் உள்ளே போய்க் கட்டிலில் விழுந்து, காற்றில்லாத அறையில் வியர்க்க வியர்க்கக் குறட்டை விட்டான்.

பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. காற்று, பாரம், பிறேக் என்று அவன் படித்ததையெல்லாம் சொன்னான். கடைசியில் சுடலைமுத்து எழும்பினார்.

“அதெல்லாம் சரி தம்பி. முள் இறங்காமல் நிக்கிறது எனக்கு விளங்குது. ஏறுறது எப்பிடி?”

பெண்கள் வரிசையில் ஜெயரூபி, வாழ்க்கையில் முதன்முறையாக, அவன் சொல்லப்போவதை ஆவலோடு கேட்கக் காத்திருந்தாள்.

“மத்தியானத்தில...” சுதாகரன் பெண்கள் வரிசையைப் பார்த்தான். “மத்தியானத்தில வண்டிக்குக் கிட்டப் போகக் கூடாது. அதை அதின்ர பாட்டில விடவேணும்.”

முதலில் கைதட்டியது பெண்கள் வரிசைதான். தர்மிளா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சுடலைமுத்து ஒன்றும் விளங்காமல் தானும் தட்டினார்.

அடுத்தநாள் மத்தியானம், சாப்பிட்டு முடிந்ததும், சுதாகரன் மடியிலிருந்த திறப்பை அவிழ்த்து மேசையில் வைத்தான். இரவு முழுக்க யோசித்து எடுத்த முடிவு. தோற்றதுபோல் இல்லாமல் தோற்க இதைவிட வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

“முள் இறங்கேல்லை. பந்தயத்தில நான்தான் வெண்டது. எண்டாலும் பரவாயில்லை, திறப்பை நீயே வைச்சிரு.”

ஜெயரூபி அதைத் தொடவில்லை. விரல் நுனியால் திரும்ப அவன் பக்கம் தள்ளினாள்.

“எனக்கேன்? திறப்பு வைச்சிருக்கிற ஆளெல்லோ மில்லுக்குப் போகவேணும், பசளை ஏத்தவேணும், அம்மாவை மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். அந்தக் கரைச்சல் எனக்கு வேண்டாம். வெண்டது நீங்கள். நீங்களே வைச்சிருங்கோ.”

சுதாகரன் திறப்பைப் பார்த்தான். திறப்பும் தன்னிடம், வெற்றியும் தன்னிடம், ஊர்ப் புகழும் தன்னிடம். அப்படியானால் அவளிடம் இருப்பது என்ன? அதைத்தான் அவனால் எண்ணிப் பிடிக்க முடியவில்லை. வெளியே வேலியோரத்தில் யாரோ மெதுவாக இருமினார்கள்.

ஜெயரூபி ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினாள். போகிற போக்கில் விசிறியைப் போட்டுவிட்டு, கட்டிலைக் காட்டினாள்.

“படுங்கோ. நீங்கள் முழிச்சுக்கொண்டிருந்தால் முள் இறங்கிப் போகும்.”