பயத்துக்கு இருபது மதிப்பெண்

ஒரு கல்லூரியில் திரைப்படக் கலை என்று ஒரு படிப்பைத் தொடங்கினார்கள். மற்ற கல்லூரிகளில் எல்லாம் இருக்கிறது, நம்மிடம் இல்லாவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் காரணம். வேறு காரணம் தேட வேண்டாம். கிடைக்காது.

கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பேய்ப் பட டிரெய்லர் எடுக்க வேண்டும். படம் எடுக்க வேண்டாம், டிரெய்லர் போதும். இல்லாத படத்துக்கு டிரெய்லர். அதற்கு ஒரு போஸ்டர். அதைப் பற்றி எழுதாத பத்திரிகைக்கு ஓர் அட்டைப்படம். இவ்வளவையும் பார்த்து மதிப்பெண் போட ஒரு மதிப்பீட்டுக் குழு.

குழுவில் யார் இருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. பாடம் நடத்தியவர் இருக்கக் கூடாது, பாரபட்சம் வந்துவிடும். அந்தக் கல்லூரியில் சினிமா தெரிந்தவர் ஒரே ஒருவர். பாடம் நடத்தியவரும் அவரேதான். ஆகவே அவர் வெளியே. சினிமா தெரியாதவர்கள் என்று ஐயத்துக்கிடமின்றி நிரூபணமான மூன்று பேர் உள்ளே. வேதியியல் துறைத் தலைவர்தான் குழுவுக்கும் தலைவர். நூலகர் அம்மாள் ஓர் உறுப்பினர். விளையாட்டு ஆசிரியர் இன்னோர் உறுப்பினர். அவரைக் கல்லூரி முழுக்க விசில் என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அன்று கடைசியாக உள்ளே வந்தவள் ஒல்லியான ஒரு பெண். பல நாள் தூங்காத முகம். ஓர் எடிட்டிங் ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முழு மதிப்பெண் வாங்கினேன் என்று கல்லூரி கையெழுத்துப் போட்ட அத்தாட்சியை அன்று சாயங்காலத்துக்குள் கொண்டுவர வேண்டும். தவறினால் வேலை வேறொருவருக்கு. அப்பா படுக்கையில். வீட்டில் சம்பாதிக்க இவளை விட்டால் ஆள் கிடையாது. இதைக் குழுவிடம் சொன்னாள்.

"அது எங்க வரம்புக்குள்ள வராதும்மா" என்றார் தலைவர். "டிரெய்லரைப் போடு."

போட்டாள்.

அது கூட்டம் நடத்தும் அறை. பெரிய பெரிய ஜன்னல்கள். வெளியே சுள்ளென்று வெயில். போதாததற்கு உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது. படம் ஓடும்போதே மதிப்பெண்ணை எழுத வேண்டும் என்பது விதி. எழுத வெளிச்சம் வேண்டுமே. பக்கத்து அறையில் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார்கள். ஆக, பட்டப்பகல் வெளிச்சத்தில் ஓர் ஊமைப் பேய் திரையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூவரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முடிந்தது.

"பயமே வரலையே" என்றார் தலைவர்.

"சார், நீங்க நிமிரவே இல்லையே."

"நிமிர்ந்து பாத்துட்டு அப்புறம் எழுதினா நேரமாகும்மா. பயம்கிற தலைப்புக்கு இருபது மார்க். எனக்கு ஒண்ணும் தோணல. விசில், உங்களுக்கு?"

"எனக்குப் பசிச்சுது சார்."

"அதுக்கு மார்க் இல்ல. மேடம்?"

நூலகர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சத்தமே இல்லாம இருந்தது. ரொம்ப நல்ல படம்."

அடுத்து போஸ்டர். கன்னங்கரேல் என்று இருந்தது. நடுவில் ஒரு பெண் ஓடுகிறாள். மேலே ‘கதவைத் திறக்காதே’ என்று எழுதியிருந்தது.

"ஏம்மா இவ்வளவு கறுப்பு? லைட் போட்டு எடுத்திருக்கலாமே."

"பேய்ப் படம் சார்."

"பேய்னா? பேய் வீட்ல கரண்ட் இருக்காதா? அப்புறம் இந்த வாசகம். ‘திறக்காதே.’ எதிர்மறையா இருக்கு. ‘திறக்குமுன் அனுமதி பெறுக’ன்னு போடு. ஒரு ஒழுங்கு வரும்."

விசில் போஸ்டரை உற்றுப் பார்த்தார். "இந்தப் பொண்ணு செருப்பு போட்டுட்டு ஓடுது. கணுக்கால் போயிரும். ஷூ போட்டுவிடுங்க."

"துரத்துறப்ப ஷூ போட நேரம் ஏது சார்?"

"ஓடுறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும். திட்டமிடல் இல்ல. நான் அதுல குறைக்கிறேன்."

நூலகர் அம்மாள் அட்டைப்படத்தைக் கையில் எடுத்தார். "இந்த வருஷம் வந்த எல்லா அட்டையிலயும் பாதி மூஞ்சி, ஒத்தைக் கண்ணு. உன் அட்டையில மட்டும் ரெண்டு கண்ணு. ஏன்?"

"வித்தியாசமா இருக்கட்டும்னுதான் மேடம்."

"வித்தியாசமா இருக்கிறதுதான் இப்ப ஃபேஷன். அதுக்காகத்தான் எல்லாரும் ஒத்தைக் கண்ணு வெச்சிருக்காங்க. நீ மட்டும் வெக்கல."

இதற்கு அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா?

"சார், ஒரு தடவை விளக்கை அணைச்சுட்டு, சத்தம் வெச்சுப் பாருங்க. பரீட்சையும் முடிஞ்சிருச்சு. இருட்டுல பாத்தாத்தான் சார் அது பேய்ப் படம்."

தலைவர் யோசித்தார். யோசித்தால் வேதியியல்காரருக்கு வருவது பரிசோதனைதான். "இருட்டுல எங்க மூஞ்சி தெரியாதே. பயந்தோமா இல்லையான்னு நாளைக்கு யாராவது கேட்டா? அளந்து காட்டணும். ஆதாரம் வேணும்."

கல்லூரி நர்ஸை வரவழைத்தார்கள். பிரஷர் பார்க்கும் மிஷின் மூன்றோடு வந்தார். மூன்று இடது கைகளில் பட்டை கட்டினார். படத்துக்கு முன் ஓர் அளவு, படத்தின்போது ஓர் அளவு. வித்தியாசம் எதுவோ அதுதான் பயம். இப்படி ஓர் எளிய உண்மையை உலகம் இத்தனை காலம் கவனிக்காமல் இருந்திருக்கிறது.

விளக்கின் சுவிட்சுகள் எல்லாம் வராந்தாவில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தன. சாவி எலக்ட்ரீஷியனிடம். அவரைப் போனில் கூப்பிட்டு அணைக்கச் சொன்னார்கள். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை கிடையாது. அந்தப் பெண் தன்னிடமிருந்த போஸ்டர்களை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். அறை இருண்டது. ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்ட தலைவர் இன்னொன்றும் ஒட்டச் சொன்னார்.

டிரெய்லர் ஓடியது. இந்தமுறை சத்தத்தோடு, ஆனால் விளக்கோடு புரொஜெக்டரும் அணைந்துவிட்டதால் லேப்டாப்பில்.

மூவரும் திரையைப் பார்த்தார்களா? இல்லை. தங்கள் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பயம் ஏறுகிறதா என்று.

"எல்லாருக்கும் நார்மல்தான் சார்" என்றார் நர்ஸ். "விசில் சாருக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கு. தூங்குறார்னு நினைக்கிறேன்."

"கண்ணை மூடி ரசிக்கிறேன்" என்றது விசிலின் குரல்.

அப்போது அறைக் கதவு திறந்தது. வெளியே வெளிச்சம். வெளிச்சத்துக்கு முன்னால் ஓர் உருவம் கரேலென்று நின்றது. கையில் ஒரு தாள். உருவம் பேசியது.

"லைட்டை நிறுத்தச் சொன்னது யாரு? மாடி முழுக்கப் போயிருச்சு, கீழ சத்தம் போடுறாங்க. இதுக்குப் பொறுப்புன்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

தலைவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத்தில் எழுத வழியில்லை. நூலகத்தில் யாரையும் மூச்சுவிடக்கூட அனுமதிக்காத அம்மாள் வீலென்று அலறினார். விசில் மேஜைக்கு அடியில் போய்விட்டார். பட்டை இழுத்ததில் மிஷினும் கூடவே போயிற்று. மூன்று மிஷினும் கீ கீ என்று கத்தின.

எலக்ட்ரீஷியன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "நான் அப்புறமா வரேன்" என்று போய்விட்டார். விளக்கு வந்தது.

நர்ஸ் மிஷின்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மூணு பேருக்குமே எகிறியிருக்கு. தலைவர் சார், கொஞ்சம் படுத்துக்கிறீங்களா?"

தலைவர் தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்தார். பிறகு அரசாங்கக் குரலில் சொன்னார்: "பயம், இருபதுக்கு இருபது. அளவோட நிரூபணம் ஆயிருக்கு. மத்த தலைப்புலயும் முழு மார்க். இவ்வளவு பயம் காட்டின படத்துல வேற குறை இருக்க முடியாது."

அந்தப் பெண் நல்ல பெண். அதுதான் கஷ்டம். "சார், நீங்க பயந்தது என் படத்துக்கு இல்ல. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கையெழுத்துன்னு..."

"ஏம்மா, ஒரு துறைத் தலைவர் எலக்ட்ரீஷியனைப் பாத்துப் பயந்தார்னு எழுதச் சொல்றியா?"

"ஐயோ, இல்ல சார்."

"கையெழுத்துன்னதும் பயந்தார்னு எழுதணுமா?"

"இல்ல சார்."

"அப்ப மிச்சம் இருக்கிறது உன் படம்தானே. அதுக்குத்தான் பயந்தோம்."

சரி, முழு மதிப்பெண் கிடைத்தது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்தப் பெண் மதிப்பெண் தாளையும் பேனாவையும் தலைவர் முன் வைத்தாள். அவர் இரண்டையும் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அலுவலக நேரத்தில் பயந்தேன் என்று எழுத்துபூர்வமாக ஒப்புக்கொள்வது சாதாரண விஷயமா?

"உறுப்பினர்கள் முதல்ல போடட்டும். தலைவர் கடைசியில போடுறதுதான் மரபு."

"பெரியவங்க இருக்கிறப்ப நான் முந்துறது நல்லா இருக்காது" என்றார் நூலகர் அம்மாள். இந்த மரியாதையை அவர் தலைவருக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

"எனக்குக் கையில பட்டை கட்டியிருக்கு" என்றார் விசில்.

"அது இடது கை சார்" என்றார் நர்ஸ்.

"நான் இடது கைக்காரன்."

நர்ஸ் மிஷின்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தலைவர் கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டார். குழு போட்டால் நான் போடுகிறேன் என்றார் முதல்வர். முதல்வர் போட்டால் நாங்கள் போடுகிறோம் என்றது குழு. இருதரப்பும் ஒரே கருத்தில் இருந்தது நிர்வாகத்தின் ஒற்றுமையைக் காட்டுகிறது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. முகத்தைக் காட்டாமல் திரும்பி ஜன்னலில் ஒட்டிய போஸ்டரைப் பிய்க்கப் போனாள். பிய்த்தவள் அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கொண்டுவந்து மேஜையில் விரித்தாள்.

"மார்க் தாள் கிடக்கட்டும் சார். போஸ்டர்ல கீழ இடம் காலியா இருக்கு. சினிமா போஸ்டர்ல பெரிய ஆளுங்க பேரெல்லாம் வரிசையா போடுவாங்க இல்ல, அங்க உங்க மூணு பேர் பேரையும் போட்டோவையும் போடலாம்னு. நாளைக்கு ஊரெல்லாம் ஒட்டுறோம்."

மூவரும் போஸ்டர் மேல் குனிந்தார்கள்.

"போட்டோ எவ்வளவு பெருசு?" என்றார் தலைவர்.

"உங்க இஷ்டம் சார்."

"பேரை அச்சடிக்கவா போற?" என்று கேட்டார் நூலகர் அம்மாள்.

"இல்ல மேடம். நீங்களே கையெழுத்தா போட்டா நட்சத்திரங்க போட்ட மாதிரி இருக்கும். அதுதான் இப்ப ஃபேஷன்."

"வெள்ளிக் கலர் பேனா இருக்கா?"

இருந்தது. அவள் முதலில் தானே குனிந்து, ‘இந்த டிரெய்லரைப் பார்த்துப் பயந்து முழு மதிப்பெண் வழங்கினோம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். தலைவர் படித்துப் பார்த்தார்.

"‘பயந்து’க்கு முன்னாடி ‘நடுநடுங்கி’ன்னு சேரும்மா. எடுப்பா இருக்கும்."

சேர்த்தாள். மரபு, மூப்பு ஒன்றும் குறுக்கே வரவில்லை. நூலகர் அம்மாள் முதலில் போட்டார். விசில் வலது கையால் போட்டார், வாலை நீட்டி, அம்மாளின் பெயரைச் சுற்றி வளைத்து. முதல் கையெழுத்து கம்பீரமாக விழவில்லை என்று தலைவர் இரண்டாவதும் போட்டார். சேதி எப்படிப் போயிற்றோ, முதல்வர் மூச்சு வாங்க ஓடிவந்தார். கீழே இடமில்லை. நடுவில் ஓடுகிற பெண்ணின் தலைக்கு மேல் போட்டுவிட்டு, சும்மா இருக்கட்டும் என்று கல்லூரி முத்திரையையும் குத்தினார்.

போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு அவள் ஓடினாள். செருப்போடுதான்.

ஸ்டுடியோ முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே போஸ்டரைப் பிரித்துக் காட்டினாள். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"முழு மார்க்கு. முத்திரையும் இருக்கு. நாலு பெரிய மனுஷங்க நடுங்கியிருக்காங்க. நாளைக்கே வேலைக்கு வந்துரும்மா."

"டிரெய்லர் பென் டிரைவ்ல இருக்கு சார். போட்டுக் காட்டட்டுமா?"

"அது எதுக்கு? அதான் அவங்க பாத்துட்டாங்களே. எடிட்டிங்குக்கு நிறைய ஆள் கிடைப்பாங்க. நீ போஸ்டர் பக்கம் உக்காரு."

வீட்டுக்குப் போனாள். அம்மா மார்க் எவ்வளவு என்று கேட்டாள். முழுசும் என்றாள். வேலை என்னாயிற்று என்றாள் அம்மா. கிடைத்துவிட்டது என்றாள். அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். "போதும்டி. வா, சாப்பிடு."

போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. மூன்று மதிப்பீட்டாளர்களும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் எல்லா மாணவர்களும் போஸ்டர்தான் கொண்டுவந்தார்கள், கீழே இடம் விட்டு. டிரெய்லர் எடுப்பது அவரவர் விருப்பம் என்று கல்லூரி அறிவித்தது. யாரும் விரும்பவில்லை.

அவ்வளவுதான் சங்கதி. அந்தப் பெண் தூக்கம் கெட்டு எடுத்த டிரெய்லரில் என்ன கதை என்று தலைவர் கேட்கவில்லை. முதல்வர் கேட்கவில்லை. வேலை கொடுத்தவர் கேட்கவில்லை. பெற்ற தாய் கேட்கவில்லை. இவர்களைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, நீங்கள் கேட்டீர்களா?

இப்போது என்னைக் கேட்க வேண்டாம். நானும் போஸ்டரைத்தான் பார்த்தேன்.