ரஜாய் போன இடம்

“ஒருத்தருக்கு மட்டும் ரஜாய் போத்தினா மத்தவாளுக்கு மனசு கஷ்டப்படாதா, மிஸ்டர் ஜோதிலிங்கம்? இங்கே எல்லாரும் சமம்,” என்றார் பட்டாபி.

அந்தச் சமத்துவத்தைக் காப்பாற்ற, ஜோதிலிங்கம் தன் அப்பாவுக்காகக் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து சுமந்து வந்த பஞ்சு ரஜாயைப் பட்டாபியே தம் முழங்கால் வரை போர்த்தியிருந்தார். பெரிய பதவியில் ரிட்டையரானவர். முதியோர் இல்லம் நடத்துவதை ‘சேவை’ என்றுதான் சொல்வார். சேவைக்குப் பணம் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும்.

உள்ளே அப்பா பரமசிவம், டெல்லியின் ஜனவரிக் குளிரில் நைந்த போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்.

“எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்.” பல் தந்தியடித்ததில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

மறுவாரம் ஜோதிலிங்கம் ஒரு ஹீட்டர் வாங்கிப் போனான்.

“வயசானவா ரூம்லே கரண்ட் சாமான் கூடாது. ரூல்,” என்று பட்டாபி அதைத் தம் காலடியில் வைத்துக்கொண்டார். அது எரிந்த கரண்டுக்கும் ஜோதிலிங்கத்துக்கே பில் வந்தது.

வயிறெரிந்து, முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் இலாகாவுக்குப் புகார் எழுதிப் போட்டான். செய்தி பட்டாபிக்கு எட்டிய அன்றே, அப்பாவின் பருப்பில் மிதந்துகொண்டிருந்த நாலு பருப்பும் காணாமல் போயின. இன்ஸ்பெக்ஷன் தேதியை மட்டும் இலாகா மிக மரியாதையாகப் பட்டாபிக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தது.

இன்ஸ்பெக்ஷன் அன்று காலையில் சேதி தெரிந்து ஜோதிலிங்கம் லீவு போட்டுவிட்டு ஓடினான். கட்டிலுக்குக் கட்டில் புது ரஜாய். ரூமுக்கு ரூம் ஹீட்டர். அப்பாவின் கட்டிலில், கன்னம் பளபளக்க ஒரு பெரியவர் கேரட் அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா எங்கே சார்?”

“எல்லாரையும் வேன்லே கோயிலுக்கு அனுப்பியிருக்கேன். அதுவும் சேவைதானே?” என்றார் பட்டாபி.

சஃபாரி சூட்டில் வந்த அதிகாரி வேதாந்தம் பேனாவைத் திறந்து பெரியவரைக் கேட்டார். “இங்கே ஏதாவது குறை உண்டா?”

“அல்வாலே நெய் கொஞ்சம் தூக்கல். வேறே ஒண்ணும் இல்லை.”

“திருப்தி,” என்று வேதாந்தம் எழுதிக்கொண்டார்.

“சார், இவரு இங்க இருக்கிறவரே இல்ல. இது எங்கப்பா கட்டிலு,” என்றான் ஜோதிலிங்கம்.

“உணர்ச்சிவசப்படாதீங்கோ. நான் கண்ணாலே பார்க்கறதைத்தான் எழுத முடியும்.”

ஜோதிலிங்கம் கட்டிலருகே குனிந்தான். “பெரியவரே, இந்த ஆபீசருக்குப் பயப்படாம உண்மையைச் சொல்லுங்க. நீங்க யாரு?”

பெரியவர் ஸ்பூனை நிதானமாக நக்கி முடித்தார்.

“சொந்த மாப்பிள்ளைகிட்டே எனக்கென்னப்பா பயம்? ஒவ்வொரு இன்ஸ்பெக்ஷனுக்கும் அவர்தானே என்னை ஜீப்பிலே அழைச்சுண்டு வரார்.”