டாக்கீஸ் இல்லாத டாக்கீஸ் நால்ரோடு

நான் யாரையும் எளிதில் நம்ப மாட்டேன். அதைப் புத்திசாலித்தனம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம். புது டிசைன் டி-ஷர்ட் சாம்பிளை மேனேஜர் என்னிடம் கொடுத்தார்.

"டாக்கீஸ் நால்ரோட்டுல நில்லுங்க. பிரிண்டிங் யூனிட் ஆள் வந்து வாங்கிக்குவாரு. வேற கம்பெனிக்காரன் கையில சிக்குச்சுன்னா உங்களுக்கு வேலை இல்லீங்க."

பஸ்ஸில் இறங்கிப் பார்த்தால் பெயர்ப்பலகையில் யாரோ ஒரு தலைவர் பெயர். டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, டாக்கீஸ் நால்ரோடு எங்க இருக்கு?"

"இதேதானுங்க."

"டாக்கீஸ் எங்க?"

"இடிச்சுட்டாங்க. இப்ப அங்க குடோனுங்க."

பக்கத்தில் பூ விற்ற அம்மா விடவில்லை. "டாக்கீஸெல்லாம் பொறவு வந்ததுங்க கண்ணு. இது கெணத்து நால்ரோடு."

கிணற்றைத் தேடினேன். அதை மூடித்தான் ரவுண்டானா கட்டினார்களாம் (நல்ல கதையாக இருக்கிறதே). இவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம் என்று எனக்குப் பட்டுவிட்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வேவு பார்ப்பார்களோ என்று செல்போனையும் அணைத்து வைத்தேன் (மூளை அந்த அளவு).

அப்போது பைக்கில் ஒருவர் வந்து நின்றார்.

"ஏனுங்க, சிலை நால்ரோட்டுக்கு வரச் சொன்னாங்க. சாம்பிள் உங்ககிட்டத்தானுங்களா?"

"சிலை எங்க?"

"இனிமேத்தான் வெப்பாங்க."

ரவுண்டானாவில் வெறும் பீடம்தான் இருந்தது. ஓட ஆரம்பித்தேன்.

"சாம்பிளக் கொண்டுட்டு ஓடறானுங்க, புடிங்க" என்று அவர் கத்தினார். ஷிப்ட் முடிந்து வந்த கூட்டம் மொத்தமும் என்னைத் துரத்தியது. இந்த ஊரில் சாம்பிள் திருட்டு சங்கிலித் திருட்டைவிடப் பெரிது. ரவுண்டானாவையே சுற்றிச் சுற்றி ஓடிய என்னை மடக்கி, அந்தப் பீடத்தின்மேல் உட்கார வைத்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் வந்து "நம்ம பையன்தானுங்க" என்று சொல்லும்வரை, அந்த நால்ரோட்டுக்கு நான்தான் சிலை.

வேலை தப்பியது. பெயர் தப்பவில்லை. போன மாதம் மனைவியோடு ஷேர் ஆட்டோவில் போனபோது டிரைவர், "திருடன் நால்ரோடு எறங்குங்க" என்று குரல் கொடுத்தார்.

"ஏனுங்க அந்தப் பேரு?" என்றாள் மனைவி, எல்லாம் தெரிந்துகொண்டே.

"எவனோ சாம்பிளத் திருடிட்டு ஓடுனானாமுங்க. புடிச்சு அந்தப் பீடத்துல உக்கார வெச்சாங்களாம். இப்பத் திருந்தியிருப்பான்."

மனைவி என்னைக் காட்டினாள். "எங்கீங்க. நேத்துக்கூடப் பால்காரர்கிட்ட ஆதார் கார்டு கேட்டாருங்க."