மருமகன் வாங்கிய குழாய்

"வெளிநாட்டுக் குழாய்க்கெல்லாம் இறக்குமதி வரியைக் கூட்டிட்டாங்க மாப்ள. இனிமேலாச்சும் நம்ம குழாயைப் போடுங்க."

மருமகன் பிரதாப் சிரித்தான். "வெல ஏறுதுன்னா சரக்கு நல்லாருக்குதுன்னுதானே மாமா அர்த்தம்?"

முனிராஜுக்குச் சுருக்கென்றது. ஓசூரில் சொந்தமாகக் குழாய்ப் பட்டறை நடத்துகிற மனுஷன். கெலமங்கலத்தில் மகள் யுவஸ்ரீ கட்டும் புது வீட்டில் தன் குழாயில் தண்ணீர் கொட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

அவர் குழாய்க்கு என்ன குறைச்சல்? கைப்பிடியை மாட்டும் சாந்தம்மா, தண்ணீர் படாத உட்புறத்தில் குங்குமம் வைக்காமல் ஒன்றைக்கூட வெளியே விடமாட்டாள்.

விலையைக் குறைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ சல்லிசா? ஏதோ கோளாறு இருக்குது மாமா."

கோபத்தில் கூட்டினார். நியாயமும் இருந்தது, பித்தளைக்கும் வரி ஏறியிருந்தது.

"இந்த வெலைக்கு வெளிநாட்டுதே வாங்கிடலாமே!"

கடைக்காரர்களும் அதையே சொன்னார்கள். பட்டறையில் குழாய் மலையாய்க் குவிந்தது. கடைசியில் பெங்களூர் வியாபாரி ஒருவர் லாரி அனுப்பினார்.

"டப்பா வேணாங்க. வெறும் குழாயைக் குடுங்க, லாரில இடம் மிச்சம்."

விட்டால் போதுமென்று அடிமாட்டு விலைக்கு ஏற்றிவிட்டார்.

புதுமனை புகுவிழாவன்று பிரதாப் மாமனாரை நேராகக் குளியலறைக்கு இழுத்துப் போனான். பளபளவென்று வெளிநாட்டுக் குழாய்.

"பெங்களூர்ல வாங்கினேன் மாமா. வரியோட மூணு மடங்கு வெல!"

அதில் ஒட்டியிருந்த வெளிநாட்டுப் பெயரைக் கண்டதும் முனிராஜுக்கு வயிறெரிந்தது. திறந்தார். ஒரு விரலுக்கே சுழன்றது. மூடினார். சொட்டு ஒழுகவில்லை. குறை கண்டுபிடித்தே தீருவதென்று கைப்பிடியையும் கழற்றினார். கண் கலங்கியிருந்ததில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"ஒத்துக்கறேன் மாப்ள. இத்தனை வருஷம் பட்டறை வச்சு என்ன பிரயோஜனம்? இப்படியொண்ணு என்னால செய்ய முடியலையே."

விருந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்த சாந்தம்மா, அவர் கையிலிருந்த கைப்பிடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"செய்ய முடியலன்னு யாருண்ணா சொன்னது? மேல ஒட்டின பேருதான் வெளிநாடு, உள்ள பாருங்க, நான் வச்ச குங்குமம் இன்னும் கலையாம இருக்குது!"