ஒரு தலை கூடுதல்

"இருநூத்திப் பதிமூணு!"

"இருநூத்திப் பன்னெண்டுய்யா! உனக்கு எண்ணத் தெரியுமா, தெரியாதா?"

"மூணு தரம் எண்ணிட்டேன் சார், வேணும்னா நீங்களே வந்து..."

"வாயை மூடு. ஒண்ணு குறைஞ்சா தப்பிச்சுட்டான்னு எழுதலாம். கூடினா என்னன்னு எழுதுறது? பொறந்துச்சுன்னா?"

உதவிக் காவலர் மறுபடி முதல் வரிசைக்குப் போனார். முற்றத்தில் கைதிகள் வரிசை வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமைக் காவலர் பளபளக்கும் பூட்ஸோடு அவர்களுக்கு நடுவே நடந்தார். பாலீஷ் போடாமல் அவர் சிறைக்குள் கால் வைத்ததில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு மெமோ கூட வாங்காத மனுஷன். ஓய்வுபெற இன்னும் நாலே நாள். எண்ணிக்கை தப்பினால் விசாரணை. விசாரணை முடிகிற வரைக்கும் ஓய்வூதியம் கிடையாது. ஐந்து மணிக்குக் கண்காணிப்பாளர் எண்ணிக்கைப் பலகையைப் பார்க்க வந்துவிடுவார்.

ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். கடைசியில் மிச்சமாக நின்றது 'பூட்டு' என்று எல்லோரும் கூப்பிடுகிறவர். திறக்காத பூட்டே இல்லை என்று பேரெடுத்து, இருபத்திரண்டு வருஷம் உள்ளே இருந்து, போன வாரம் விடுதலையாகிப் போன கிழவர்.

"எந்தப் பூட்டைத் திறந்துகிட்டு உள்ள வந்தே?"

"பூட்டு எதுக்குங்கய்யா? தோட்ட வேலைக்குப் போன கூட்டம் திரும்பி வந்துச்சு. பழைய கைதிச் சட்டையைப் போட்டுக்கிட்டு வால்ல ஒட்டிக்கிட்டேன். வெளிய போறப்பதான் கேட்ல எண்ணுறாங்க. வர்றப்ப கதவை விரியத் திறந்து விட்டுடுறாங்க."

"எதுக்குய்யா வந்தே? என் உயிரை வாங்கவா?"

"இங்க காலையில ஒரு தரம் எண்ணுவீங்க, சாயங்காலம் ஒரு தரம் எண்ணுவீங்க. நான் இல்லேன்னா தேடுவீங்க. வெளியில எட்டு நாள் கிடந்தேங்கய்யா. ஒருத்தரும் எண்ணலை."

"அதுக்கு என் தலைதான் கிடைச்சுதா?"

முதல் வழியை உதவிக் காவலர் சொன்னார். அழுக்குக் கம்பளி மூட்டைக்குள் கிழவரைச் சுருட்டிச் சலவை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி வாசலைத் தாண்டியதும் தலைமைக் காவலர் ஒரு டீ குடித்தார். மூன்று மணிக்கு வண்டி திரும்பியது. சலவைக்காரர் பொறுப்பான ஆள். போன மூட்டை பதினெட்டு, வந்த மூட்டை பதினெட்டு. பதினெட்டாவது மூட்டைக்குள் பூட்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ், நடுவுல இறங்கியிருக்கலாமில்ல?"

"தூக்கம் வந்துடுச்சுங்கய்யா. கம்பளி நல்ல சூடு."

அடுத்தது தலைமைக் காவலரின் சொந்த யோசனை. தன்னுடைய மாற்றுச் சட்டையைக் கிழவருக்குப் போட்டுவிட்டு, மனுப் போட்டுக் கைதிகளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வெளியேறும் நேரத்தில் அவர்களோடு தள்ளிவிட்டார். வாசலில் புதிதாக வேலைக்கு வந்திருந்த காவலர் மறித்தார்.

"பெரியவரே, யாரைப் பாக்க வந்தீங்க?"

பூட்டு, பின்னால் நின்ற தலைமைக் காவலரைத் திரும்பிப் பார்த்தார். கூசாமல் கையை நீட்டினார். "இவரைத்தான். என் தம்பி."

அந்த நேரம் பார்த்து, இந்த வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த கண்காணிப்பாளர் காரை விட்டு இறங்கினார்.

"அடடே, உங்க அண்ணனா! சொல்லவே இல்லையே? முதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க பிரிவு உபசார விழாவுல அவர் மேடையில உட்காரணும். நானே வந்து பாப்பேன்."

பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கை நேராகிவிட்டது. தலைமைக் காவலர் கிழவரின் கையைப் பிடித்து, தூக்குமேடைக்குப் போகிறவரைப் போல வீட்டுக்கு நடந்தார்.

"மாமா, நாலு நாள்ல நீங்க ஒருத்தர் வீட்டோட இருக்கப் போறீங்கன்னே தலையைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள் மருமகள். "இதுல அண்ணன் வேறயா? இத்தனை வருஷம் எங்க இருந்தாரு?"

"பக்கத்துலதாம்மா. வெளிய வர நேரமில்லை," என்றார் பூட்டு.

மகன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

மறுநாளே பூட்டு, மூன்று வருஷமாகச் சாவி தொலைந்து கிடந்த பீரோவை ஒரு கொண்டை ஊசியால் திறந்தார். உள்ளேயிருந்து கல்யாண ஆல்பம் வந்தது. மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் பெரிய மாமா. பேத்திக்கு அவர் சொல்லும் திருட்டுக் கதை இல்லாமல் சோறு இறங்கவில்லை. விழா மேடையில் கண்காணிப்பாளரே அவருக்குத்தான் முதல் மாலையைப் போட்டார்.

விழா முடிந்த மறுநாள் காலை, தலைமைக் காவலர் ஐந்து மணிக்கே எழுந்து பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டார். போக இடமில்லை. கூடத்தில் நடந்து, தூங்குகிறவர்களை எண்ணினார்.

"அப்பா, இது ஜெயில் இல்லை. மனுஷனைத் தூங்க விடுங்க."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மருமகள் தட்டு எடுத்துவைத்தாள். நாலு தட்டு. வீட்டில் ஐந்து பேர். முப்பத்தைந்து வருஷமாக ஜெயிலிலேயே சாப்பிட்டவருக்குத் தட்டு வைத்துப் பழக்கமில்லை அவளுக்கு. அவர் இரண்டாம் தரமும் எண்ணிப் பார்த்தார். நாலுதான்.

"பசிக்கலைம்மா," என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

பத்து நாள் கழிந்தது. சாயங்காலம் சிறை முற்றத்தில் புதிய தலைமைக் காவலர் கத்திக்கொண்டிருந்தார்.

"இருநூத்திப் பதிமூணா? நான் வந்தே பத்து நாள்தான் ஆகுதுய்யா! போய் மறுபடி எண்ணு!"

உதவிக் காவலர் வரிசை வரிசையாக விரல் நீட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் வரிசைக் கடைசியில் ஒருவர் தொளதொளத்த பழைய கைதிச் சட்டையோடு, முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக் குத்தவைத்திருந்தார். காலில் மட்டும் பளபளவென்று கறுப்பு பூட்ஸ்.

நீட்டிய விரல் அப்படியே நின்றது. உதவிக் காவலர் பின்னால் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மெல்லக் குனிந்தார்.

"சார்... உங்களையும் வெளியில யாரும் எண்ணலையா?"